பிஜ்னோர் குழந்தைகளைக் கொன்றது எது?

மேற்கு உத்தரப் பிரதேசத்தில் பிஜ்னோர், சகாரன்பூர் மாவட்டங்களிலும் அவற்றைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் பல வருடங்களாக ஒரு நோய் வந்து போய்க்கொண்டிருந்தது. மழை ஓய்கிற செப்டம்பரில் தலைகாட்டும், டிசம்பரோடு மறைந்துவிடும். பிடித்ததெல்லாம் சின்னக் குழந்தைகளைத்தான். பெரும்பாலும் கிராமத்து ஏழை வீட்டுப் பிள்ளைகள், பள்ளிக்கூடம் போகிற வயதுகூட இன்னும் வராதவர்கள். பெரியவர்களை அது தொடவில்லை.

மாலை வரை ஓடியாடி விளையாடிய பிள்ளை திடீரென்று வாந்தி எடுக்கும். சில மணி நேரத்தில் நடத்தையே மாறிவிடும். அலறும், கை கால்களை உதறும், பெற்ற தாயையே அடையாளம் தெரியாததுபோல் பார்க்கும். அப்புறம் மயக்கம், சிலருக்கு வலிப்பு. அடுத்த சில நாட்களுக்குள் கதை முடிந்துவிடும். மருத்துவமனையில் சேர்த்த குழந்தைகளிலேயே ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் பிழைக்கவில்லை. எபோலா மாதிரி உலகமே அஞ்சும் நோய்களோடு வைத்துப் பார்க்க வேண்டிய இறப்பு விகிதம் இது. ஆனால் பிஜ்னோருக்கு வெளியே இதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

நோய்க்குப் பெயர் வைப்பதில் மட்டும் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. மூளைக்காய்ச்சல் என்று எழுதினார்கள். அப்படி எழுதியதற்குக் காரணமும் இருந்தது. அதே மாநிலத்தின் கிழக்கில், கோரக்பூர் வட்டாரத்தில், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஒவ்வொரு மழைக்காலத்திலும் குழந்தைகளைக் கொத்துக் கொத்தாக வாரிக்கொண்டு போனது. 2005-இல் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நமக்கும் அது புதிய நோய் கிடையாது. இந்தியாவில் அந்த நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1955-இல் நம் வேலூர்ப் பக்கத்தில்தான். வயலில் தேங்கும் நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு, நீர்ப்பறவையிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் வைரஸை எடுத்து மனிதருக்குள் விடும். மழைக்காலம், கிராமம், குழந்தை, மயக்கம் ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்தால் உத்தரப் பிரதேசத்தில் எந்த மருத்துவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இதுவாகத்தான் இருக்கும்.

பெயர் வைத்த பிறகு என்ன நடக்கும்? கொசு மருந்து அடிப்பார்கள், வைரஸ் சோதனைக்கு ரத்தம் அனுப்புவார்கள். முடிவில் ஒன்றும் அகப்படாவிட்டால் இன்னும் கண்டுபிடிக்கப்படாத ஏதோ வைரஸ் என்று கோப்பை மூடிவிடுவார்கள். அடுத்த செப்டம்பரில் மறுபடியும் அதே கதை.

இந்தச் சங்கிலியை அறுத்தவர் பிஜ்னோரில் குழந்தை மருத்துவராக இருந்த விபின் வசிஷ்டா. பெரிய ஆராய்ச்சி நிறுவனம் எதிலும் அவர் இல்லை. கங்கைக் கரையில், கரும்பு வயல்கள் சூழ்ந்த ஒரு மாவட்டத் தலைநகரில் மருத்துவமனை நடத்தியவர். குழந்தைகள் அவர் கண்முன்னே இறந்துகொண்டிருந்தார்கள். கேள்விகளும் அங்கேயே பிறந்தன.

முதலில் இடித்தது காய்ச்சல். மூளையில் வைரஸ் புகுந்தால் உடல் கொதிக்கும். இந்தக் குழந்தைகளுக்கோ காய்ச்சல் இருக்காது, அல்லது பேருக்கு இருக்கும். இரண்டாவதாக இடித்தது தண்டுவட நீர். இடுப்பு மட்டத்தில் முதுகெலும்புகளுக்கு நடுவில் ஊசியைச் செலுத்தி எடுக்கும் நீர் அது. மூளையில் அழற்சி இருந்தால் அதில் வெள்ளணுக்கள் கூடியிருக்கும், புரதமும் ஏறியிருக்கும். இவர்களுக்கு எடுத்த நீரில் அழற்சிக்கான தடயமே இல்லை.

அப்படியென்றால் மூளைக்குள் கிருமி இல்லை. ஆனாலும் மூளை வீங்குகிறது, நினைவு தப்புகிறது. உடலின் வேறு ஏதோ ஓர் உறுப்பு கெட்டு, அதன் பாதிப்பு மூளையை வந்து தாக்குகிறது என்றுதான் இதற்குப் பொருள். மருத்துவப் படிப்பின் தொடக்க வருடங்களிலேயே சொல்லித்தரும் வேறுபாடுதான் இது. நூற்றுக்கணக்கான மரணங்களுக்கு நடுவே இந்த ஒரு சோதனையின் முடிவை யாரும் நின்று நிதானமாகப் பார்க்கவில்லையே என்பது என்னை இன்றைக்கும் வருத்துகிறது. தண்டுவட நீர் எடுப்பதற்குச் செலவு அதிகம் இல்லை. சிறிய மருத்துவமனையிலும் செய்ய முடியும்.

எந்த உறுப்பு கெட்டது என்பதற்கு ரத்தம் பதில் சொன்னது. கல்லீரல் செல்கள் சிதையும்போது எஸ்ஜிபிடி என்ற நொதி ரத்தத்தில் கசியும். சாதாரணமாக நாற்பது ஐம்பதுக்குள் நிற்க வேண்டிய எண், இந்தக் குழந்தைகளுக்கு நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஏறியிருந்தது. தசை சிதைவதைக் காட்டும் சிபிகே அளவும் அதேபோல் எகிறியிருந்தது. பலருக்கு ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. மஞ்சள் காமாலை மட்டும் கண்ணில் தெரியவில்லை. கல்லீரல் அவ்வளவு வேகமாக அழிந்ததால் கண் மஞ்சளாவதற்குக்கூட நேரம் இருக்கவில்லை. அதனால்தான் வெளிப்பார்வைக்கு எல்லாம் மூளை நோய் மாதிரியே இருந்தது.

ரத்தப் பரிசோதனையோடு நிறுத்தியிருந்தால் இது இன்னொரு மர்மமாகவே நின்றிருக்கும். இறந்த குழந்தைகளின் உடலிலிருந்து ஊசி வழியாகத் திசுத் துணுக்குகள் எடுக்கப்பட்டன. முழுப் பிரேதப் பரிசோதனைக்குக் கிராமத்துப் பெற்றோரைச் சம்மதிக்க வைப்பது எவ்வளவு கடினம் என்பது நம் ஊரில் மருத்துவமனை வாசலில் நின்ற யாருக்கும் தெரியும். பிள்ளையைப் பறிகொடுத்த சில நிமிடங்களுக்குள் இதைக் கேட்க வேண்டும். ஊசித் துணுக்கு என்பதால் உடலைக் கீற வேண்டியதில்லை. அந்தத் துணுக்குகளைப் பார்த்தவர், கல்லீரல் நோய்க்கூறியலில் நாட்டின் மூத்த நிபுணர்களில் ஒருவரான என். சி. நாயக். கல்லீரல் செல்கள் கூட்டம் கூட்டமாக மடிந்து கிடந்தன. தசை இழைகளும் சிதைந்திருந்தன. மூளையில் வீக்கம் இருந்தது. வைரஸ் தாக்கும்போது காணப்படும் அழற்சி இல்லை.

இந்த ஆய்வில் கைகோத்த இன்னொருவர், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நீண்ட காலம் வைரஸ் துறையில் இருந்த டி. ஜேக்கப் ஜான். போலியோ ஒழிப்பில் அவர் பங்கு பலருக்கும் தெரிந்ததுதான். வாழ்நாள் முழுக்க வைரஸ்களையே தேடிய ஒருவர், இங்கே வைரஸ் இல்லை என்று அடித்துச் சொன்னார். அவருடைய வாய்ச்சொல்லுக்கு எடை கூடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சில வருடங்கள் தொடர்ந்து கவனித்த பின் குழு ஒரு முடிவுக்கு வந்தது. கல்லீரல், தசை, மூளை மூன்றையும் ஒரே வீச்சில் தாக்கும் நோய் இது. ஹெபட்டோ-மயோ-என்செபலோபதி என்று எழுதினார்கள். கல்லீரலையும் தசையையும் சேர்த்துத் தாக்குவது வைரஸ்களின் வழக்கம் இல்லை, அது விஷத்தின் வேலை.

எந்த விஷம்? மூன்று குறிப்புகள் ஒரே பக்கம் கை காட்டின. ஒன்று, பருவம். குறிப்பிட்ட சில மாதங்களில் மட்டும் கிடைக்கும் பொருளாக அது இருக்க வேண்டும். இரண்டு, வயது. வீட்டுச் சாப்பாட்டிலோ கிணற்றுத் தண்ணீரிலோ இருந்தால் பெரியவர்களும் விழுந்திருப்பார்கள். குழந்தைகள் மட்டும் வாயில் போடும் ஏதோ ஒன்று அது. மூன்று, வறுமை. பெற்றோர் வயலுக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் வெளியில் திரியும் பிள்ளைகள்தான் அதிகம் மாட்டினார்கள். மழைக்குப் பின் காய்த்துக் கிடக்கும் ஏதோ ஒரு செடியைத் தேட வேண்டும் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

2005 செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை மருத்துவமனைக்கு வந்த 18 நோயாளிக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் அதே வயதுள்ள, நோய் வராத மூன்று குழந்தைகள் ஒப்பீட்டுக்கு. ஆக 18-க்கு 54. எல்லாப் பெற்றோரிடமும் ஒரே கேள்விகள். பிள்ளை எங்கே விளையாடும், யார் பார்த்துக்கொள்வார்கள், வீட்டைச் சுற்றி என்ன செடி இருக்கிறது, பிள்ளை என்னென்ன பறித்துத் தின்னும் என்றெல்லாம் துருவினார்கள். ஒரு களைச்செடியின் பெயர் தனித்து மேலே வந்தது. இந்தியில் கசோந்தி. தாவரவியலில் காசியா ஆக்ஸிடென்டாலிஸ். அந்தச் செடியின் விதையைத் தின்றிருப்பதற்கான வாய்ப்பு, நோய் வந்த குழந்தைகளிடம் மற்றக் குழந்தைகளைக் காட்டிலும் 12.9 மடங்கு அதிகமாக இருந்தது.

18 குழந்தைகள் என்பது சின்ன எண்ணிக்கை. அப்படிப்பட்ட ஆய்வில் கிடைக்கும் மடங்குக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஆய்வாளர்களுக்கும் அது தெரியும். 2007-இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே ‘பெரும்பாலும் இதுவே காரணம்’ என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

குழந்தை மருத்துவர்களுக்குப் புதிராக இருந்த இந்தச் செடி, கால்நடை மருத்துவர்களுக்குப் பழைய பகையாளி. அமெரிக்காவிலும் பிரேசிலிலும் தீவனத்தில் இதன் விதை கலந்துபோய் மாடுகளும் பன்றிகளும் விழுந்த சம்பவங்கள் பல பத்தாண்டுகளாக அவர்களுடைய இதழ்களில் பதிவாகியிருந்தன. தசை சிதையும், கல்லீரல் கெடும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும், மாடு எழுந்து நிற்க முடியாமல் படுத்துவிடும். பிஜ்னோர் குழந்தைகளின் ரத்தத்தில் சிபிகே எகிறிய கணக்குக்கு விடை அந்தப் பக்கங்களில் ஏற்கெனவே இருந்தது. மனித மருத்துவமும் விலங்கு மருத்துவமும் தனித்தனிக் கட்டிடங்களில், தனித்தனி நூலகங்களோடு நடக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படிக்க ஓர் ஆள் வாய்க்கும் வரை அந்த அறிவு குழந்தைகளின் கட்டிலுக்கு வந்து சேரவில்லை.

சந்தேகத்தை உறுதிப்படுத்தும் வேலையை லக்னோவில் உள்ள இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம் செய்தது. முகுல் தாஸ் தலைமையிலான குழு, விதையை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. கல்லீரல், தசை, மூளை என்று அதே மூன்று இடங்களிலும் சேதம். விதையில் இருக்கும் ஆந்த்ராகுயினோன் வகை வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்து, பாதிக்கப்பட்ட குழந்தைகளின் ரத்தத்திலும் சிறுநீரிலும் அவை இருப்பதைக் காட்டியது. 2014-இலும் 2015-இலும் இந்த முடிவுகள் வெளிவந்தன. பெற்றோரின் நினைவை மட்டும் நம்பியிருந்த வழக்கில் இப்போது தடயமே கையில் கிடைத்துவிட்டது.

பிஜ்னோரில் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. காரணம் பிடிபட்டதும் உள்ளூர்ப் பத்திரிகைகள் வழியாகவும் நேரடியாகவும் ஊர்களில் செய்தியைப் பரப்பினார்கள். இந்தக் காயைப் பிள்ளைகள் தொடக் கூடாது, வீட்டுப் பக்கம் முளைத்தால் பிடுங்கிப் போடுங்கள், அவ்வளவுதான் செய்தி. அந்த வட்டாரத்தில் நோய் பெருமளவு அடங்கியது. தடுப்பூசியோ புது மருந்தோ தேவைப்படவில்லை.

இத்தோடு முடிந்திருக்க வேண்டிய வழக்கு, 2016-இல் ஒடிசாவின் மல்கான்கிரியில் மறுபடியும் திறந்தது. செப்டம்பர் தொடங்கிச் சில மாதங்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பழங்குடிக் குழந்தைகள் இறந்தார்கள். இங்கேயும் முதலில் வந்த பெயர் ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தான். சிலருக்கு அந்தச் சோதனையில் பாசிட்டிவ் வரவும் செய்தது. அதனால் பழி முழுக்கப் பன்றிகள்மேல் விழுந்தது. ஊருக்குள் திரிந்த பன்றிகளை வெளியே கொண்டுபோய் அடைத்தார்கள். பழங்குடிக் குடும்பத்துக்குப் பன்றி என்பது சேமிப்பு. பிள்ளையை இழந்த வீட்டிலிருந்து அதையும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஜேக்கப் ஜான் தலைமையில் ஒரு குழு அங்கே போய்ப் பார்த்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் சில குழந்தைகளுக்கு இருந்தது உண்மை. ஆனால் பல மரணங்களுக்கு அந்த விளக்கம் பொருந்தவில்லை. காய்ச்சல் இல்லை, திடீர் மயக்கம், வேகமான சாவு. ஊரைச் சுற்றிலும் அதே செடி காய்த்து நின்றது. ஒடியாவில் படா சகுண்டா என்கிறார்கள். குழந்தைகளின் மாதிரிகளில் அதே ஆந்த்ராகுயினோன்கள். பிஜ்னோரின் விடை கட்டுரையாக வெளிவந்து ஒன்பது வருடங்கள் ஆகியிருந்தன. மல்கான்கிரி மருத்துவர்களின் மேசைக்கு அது போய்ச் சேர்ந்திருக்கவில்லை. இந்த வழக்கு முழுவதிலும் எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான். தெரியாமல் இறந்தவர்கள் பிஜ்னோர் குழந்தைகள். மல்கான்கிரிக் குழந்தைகள் இறந்தபோது விடை தெரிந்திருந்தது.

பீகாரின் முசாபர்பூரிலும் ஏறத்தாழ இதே மாதிரி ஒன்று நடந்தது. அங்கே லிச்சிப் பழம். இரவு சாப்பிடாமல் படுத்த ஒட்டிய வயிற்றுப் பிள்ளைகள் தோட்டத்தில் உதிர்ந்த லிச்சியைத் தின்றார்கள். அதிலுள்ள நச்சுப்பொருள் உடல் சர்க்கரை உருவாக்குவதைத் தடுத்துவிட, விடியற்காலையில் வலிப்பு வந்தது. 2014-இல் அங்குள்ள இரு மருத்துவமனைகளில் சேர்ந்த 390 குழந்தைகளில் 122 பேர் இறந்தார்கள். அங்கேயும் பல வருடங்கள் மூளைக்காய்ச்சல் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் முசாபர்பூரில் நேரத்தோடு குளுக்கோஸ் ஏற்றினால் பலரைக் காப்பாற்ற முடியும். கசோந்தி விஷத்தில் சர்க்கரையைச் சரிசெய்தாலும் கல்லீரல் திரும்புவதில்லை.

அரசுக் கணக்கில் இவை எல்லாமே ஏ.ஈ.எஸ்., அதாவது தீவிர மூளைக்காய்ச்சல் அறிகுறித் தொகுப்பு, என்ற ஒரே பெட்டிக்குள் போகின்றன. காய்ச்சலோடு நினைவு தப்பினாலோ வலிப்பு வந்தாலோ அந்தப் பெயரில் பதிவுசெய்ய வேண்டும் என்பது கண்காணிப்புக்காக வைத்த விதி. நோய் எங்கே கிளம்புகிறது என்று எச்சரிக்க அது உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் மருத்துவமனைச் சீட்டில் அதையே நோயின் பெயராக எழுதிவிட்டால் தேடல் அங்கேயே நின்றுபோகிறது. ஜேக்கப் ஜான் பல வருடங்களாக இதைச் சொல்லி வாதாடி வந்திருக்கிறார். தண்டுவட நீரில் அணுக்கள் உண்டா, எஸ்ஜிபிடி எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு ஆகிய மூன்று எண்களையும் அந்தப் பதிவோடு கட்டாயமாகச் சேர்த்தாலே விஷமும் கிருமியும் முதல் நாளிலேயே பிரிந்துவிடும் என்பது என் கருத்து. மாவட்ட மருத்துவமனைகளில் செய்யக்கூடிய சோதனைகள்தான் இவை.

இந்தச் செடி தமிழ்நாட்டிலும் தாராளமாக முளைக்கிறது. ஊருக்கு ஊர் பெயர் மாறும். பேயாவரை என்பார்கள், பொன்னாவரை என்பார்கள். தெருவோரம், குப்பைமேடு, தரிசு நிலம் என்று மழைக்குப் பின் எங்கும் பார்க்கலாம். இடுப்பளவு அல்லது அதற்குச் சற்று மேல் வளரும். இலைகள் நுனி கூராக, ஒரு காம்பில் நான்கைந்து ஜோடி. கசக்கினால் மூக்கைச் சுளிக்கவைக்கும் நாற்றம் அடிக்கும். மஞ்சள் பூ. காய் தட்டையாக, விரலைவிடச் சற்று நீளமாக, லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். முற்றும்போது நடுவில் பழுப்பும் ஓரங்களில் வெளிறிய கோடுமாகத் தெரியும். உள்ளே சின்னச் சின்ன விதைகள் வரிசையாக அடுக்கியிருக்கும். பச்சைப் பட்டாணி உரித்துத் தின்று பழகிய பிள்ளைக்கு இதையும் உரித்துப் பார்க்கத் தோன்றுவதில் வியப்பில்லை.

நாம் தேநீர் போட்டுக் குடிக்கும் ஆவாரம்பூச் செடி வேறு, இது வேறு. தகரையும் வேறு. தகரையின் இலை நுனி உருண்டிருக்கும், மூன்று ஜோடிதான் இருக்கும், காய் ஒல்லியாக நீண்டு அரிவாள்போல் வளையும். மஞ்சள் பூவை மட்டும் பார்த்து மூன்றையும் ஒன்றாக எண்ணிவிட வேண்டாம்.

இந்த விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது. பிள்ளை காயைத் தின்றது தெரிந்தால், வாந்தி வரட்டும் பார்க்கலாம் என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். நேராக மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். தின்றதில் மிச்சம் கிடந்தால், ஒரு காயோ கிளையோ, அதையும் கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். கல்லீரல் சோதனையும் சர்க்கரைச் சோதனையும் உடனே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.